வலப்பனைக் கட்டும் பத்தாம் நம்பரும்

உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, கேக்கும் தந்தவர்களிடம் இப்படிப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாதுதான். என்ன செய்ய, உள்ளதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உங்கள் மேசைகளைச் சுற்றிப் பார்த்தேன். எந்த வீரனுக்குத் தொடையில் பிடிப்பு, எவன் பயிற்சிக்கு வரவில்லை, எவன் கிளப் மாறப் போகிறான், எல்லாம் திரையில் தானாக வந்து விழுகிறது. நீங்கள் அதைப் பார்த்து 'இவனை எடு, அவனை விடு' என்று தமிழில் எழுதுகிறீர்கள். ஃபேன்டஸி விளையாடுகிறவர்களும் பெட் கட்டுகிறவர்களும் அதைப் படித்துவிட்டு உங்களை வாழ்த்துகிறார்கள், இல்லாவிட்டால் திட்டுகிறார்கள். நானும் இதே வேலையைத்தான் செய்தேன். ஹட்டனில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வாரப் பத்திரிகையில். என் திரையெல்லாம் என் அக்காதான்.

அக்கா நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நான் பிறந்ததும் அங்கே, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில்தான். நான் படித்து, பத்திரிகையில் புரூப் பார்க்கச் சேர்ந்து, ஹட்டனில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்தவர் கொழும்புக்குப் போனதும், ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீதாம்மா எப்பப் பாத்தாலும் கிரவுண்ட் கதை பேசுற, இதையும் பாரு" என்றார். அப்படித்தான் வந்தேன்.

எங்கள் போட்டிக்குப் பெயர் 'கனவுப் பதினொன்று'. தோட்ட அணிகள் மோதும் உதைபந்தாட்டத் தொடர் நடக்கும்போது பத்திரிகையில் ஒரு கூப்பன் வரும். வாசகர் தனக்குப் பிடித்த பதினொரு வீரர்களை எழுதி, ஒருவனைக் கேப்டன் என்று குறித்து, கடைகளில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஞாயிறு ஆட்டத்தில் அந்த வீரர்கள் செய்வதற்கு ஏற்பப் புள்ளி. கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. பரிசு ஒரு புட்போலும் பத்திரிகையில் பெயரும்தான். ஆனால் தேநீர்க் கடைகளில் அதே ஆட்டத்தை வைத்துத் தனியாக பெட் ஓடும். பத்திரிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் வாரம் தவறாமல் சொல்வார். நாங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் ஊர் பெட் கட்டியது என்பது அவருக்கும் தெரியும்.

'யாரை எடுக்கலாம், யாரை விடலாம்' என்பது என் பத்தி. 'பத்தாம் நம்பர்' என்ற பெயரில் எழுதினேன். பெண்பிள்ளை எழுதுகிறாள் என்று தெரிந்தால் ஒருத்தனும் நம்ப மாட்டான் என்று ஆசிரியர் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் இரண்டு பேர், "பத்தாம் நம்பரு சொன்னா தப்பாதுய்யா, அந்தாளு பழைய வெளையாட்டுக்காரன்" என்று பேசிக்கொண்டிருந்ததை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த அந்தாளு நான்தான் என்று உள்ளுக்குள் துள்ளும். பஸ்ஸை விட்டுவிட்டு முழுதும் கேட்டுவிட்டுத்தான் போவேன்.

அவர்களுக்குத் தெரியாதது என் செய்தி வரும் வழி. வீரர்கள் எல்லாரும் தோட்டத்துத் தொழிலாளிகள். எவனுக்குக் காய்ச்சல், எவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறான், எவன் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வரவில்லை, இதெல்லாம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வாயில் இருக்கும். அங்கிருந்து என் அக்கா காதுக்கு. வாரம் ஒருமுறை அவள் பிள்ளையை கிளினிக்குக் கொண்டுவரும்போது அச்சகத்துக்கு வந்து எனக்கு. எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாத காயம் எனக்குத் தெரியும்.

இப்படி ராணி மாதிரி இருந்தவள் தலையில்தான் ஆசிரியர் மாஸ்டரைக் கொண்டுவந்து இறக்கினார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, 'மாஸ்டரின் கணிப்பு' எழுதுவார். என் பத்திக்குப் பக்கத்திலேயே அது வரும். அவருக்குப் பெயரும் உண்டு, படமும் உண்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிக்கிற படம். முதல் வாரமே வாசகர் கடிதம் வந்தது, எல்லாம் அவருக்கு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆள் மோசமாக எழுதியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நன்றாக எழுதினார். அதுதான் பொறுக்க முடியவில்லை. திம்புள்ளப் பக்கம் ஒரு ஆட்டம். நான், முன்வரிசை ஆட்டக்காரர்களாகப் பார்த்து எடுங்கள், கோல் மழைதான் என்று எழுதினேன். மாஸ்டர், 'அந்த மைதானத்தில் பின்னேரம் பனி இறங்கும், ஆட்டம் பாதியில் நிற்கும், கோல்கீப்பர்மாரைச் சேர்த்துவிட்டு வீட்டில் இருங்கள்' என்று எழுதினார். அப்படியே நடந்தது. பந்தும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, ஒரு கோலும் இல்லாமல் விசில் ஊதிவிட்டார்கள். பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான்! கடற்கரைக்காரர் வந்து எனக்குப் பனி சொல்லித் தருகிறார்.

"எப்படி சேர் தெரியும்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"என்ர வகுப்பில ஒரு பொடியன், அந்தக் கிரவுண்டுக்குப் பக்கத்தில வீடு. அவனைத்தான் கேட்டனான். நீர் ஒருத்தரையும் கேக்கேல்லையோ பிள்ளை?"

நீர் கேக்கேல்லையோ பிள்ளை. இரண்டு நாள் அது காதிலேயே இருந்தது.

அவர் எதைப் படித்தாலும் கடைசியில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "நிச்சயமோ பிள்ளை?" அவ்வளவுதான். திட்ட மாட்டார், திருத்த மாட்டார். அந்தத் தலைச் சாய்ப்போடு கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைப்பார். நானோ, பஸ் நிலையத்துக்கு எதிரில், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் நடத்திய ஹோட்டலுக்குப் போய், ஊர் இப்போது யாரைப் பேசுகிறது என்று கேட்பதற்காகவே பிளேன்டீ குடிப்பேன். கூப்பன் பெட்டி அங்கேதான் இருந்தது. நானா என்னை அச்சகத்தில் டைப் அடிக்கிற பிள்ளை என்றுதான் நினைத்திருந்தார். "மாஸ்டர் எழுதுறது படிக்கவே ஒரு ருசி மகள். பத்தாம் நம்பரும் பரவாயில்ல" என்பார். பரவாயில்லையாம்!

இனி மோகன்ராஜ் கதைக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்ல வந்ததே அதைத்தான்.

மோகன்ராஜ் அக்கா வேலை செய்த அதே தோட்டத்துப் பையன். தேயிலைச் செடியின் தலையை வெட்டி விடுகிற கவ்வாத்து வேலை செய்வான். சனி ஞாயிறில் பந்து ஆடுவான். அவனைப் போல ஆடியவனை நான் அந்த மலையில் பார்க்கவில்லை. பந்து காலில் இருந்தால் அவனுக்கு முகமே வேறு மாதிரி ஆகிவிடும். அந்த வருடம் அவனுடைய தோட்டம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அப்போது மாலைதீவு கிளப்புகள் இங்கிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்த காலம். அப்படி ஆள் எடுக்கிற ஒரு ஏஜென்ட் கொழும்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க ஹட்டனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் கூட்டிப்போவார். ஒரு லயத்து வீட்டுக்கு அதைவிடப் பெரிய கதவு அந்த நாளில் திறந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

"அடியே, தெரியுமா சேதி? மோகன்ராசு நேத்து வலப்பனைக்குப் போயிட்டு வந்திருக்கான்டி. காலுல இம்மாம் பெரிய கட்டு. எண்ணெ வாசம் லயமே நாறுது. கம்ப ஊனிக்கிட்டு நடக்குறான்."

உங்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்து ஆட்கள் கொழுந்து மலையில் விழுந்து எலும்பு போனால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். வலப்பனைப் பக்கம் ஒரு சிங்கள நாட்டு வைத்தியர், வெத மாத்தயா, இருந்தார், முறிவுக்குக் கைராசிக்காரர். பஸ் மாறி மாறி அவரிடம் போய், இலை வைத்து எண்ணெய் ஊற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவன் காலில் வலப்பனைக் கட்டு இருந்தால் எலும்பு முறிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் எக்ஸ்ரே எங்களுக்குத் தேவையில்லை.

"பெரட்டுக்கு வந்தானா?"

"எங்க வர? ரெண்டு நாளா பேரு இல்ல. கணக்கப்பிள்ள ஐயாவே வந்து கட்டப் பாத்துட்டுப் போனாரு."

அக்காவை அனுப்பிவிட்டு நான் நின்ற இடத்திலேயே ஒரு ஆட்டம் ஆடிவிட்டேன். ஏன் தெரியுமா? மாஸ்டர் செவ்வாய்க்கிழமையே தன் பத்தியைக் கொடுத்திருந்தார். 'கண்ணை மூடிக்கொண்டு மோகன்ராஜைக் கேப்டன் ஆக்குங்கள்' என்று தலைப்பு. ஊரே அவர் பேச்சைக் கேட்டு முறிந்த காலைக் கேப்டன் ஆக்கப் போகிறது, நான் ஒருத்தி மட்டும் தப்பிக்கப் போகிறேன். ஒரு பையனுக்குக் கால் போயிருக்கிறதே என்ற நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது. கொஞ்சம் பிறகு.

உடனே என் பதினொருவரில் மோகன்ராஜ் பெயரை நீக்கிவிட்டு இன்னொருவனைப் போட்டேன். உள்பக்கம் மதியமே அச்சுக்குப் போய்விட்டது. ஆசிரியரிடம் ஓடினேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். முதல் பக்கத்தில் பெட்டி கட்டிப் போடச் சொன்னார். 'மோகன்ராஜுக்குக் கால் முறிவு: இறுதி ஆட்டம் சந்தேகம்.' நான் எழுதியதிலேயே அழகான தலைப்பு அது.

"அந்த ஏஜென்ட் காலையில போன் பண்ணினாரும்மா" என்றார் ஆசிரியர். "பையனுக்குக் காயம் கீயம் ஏதும் இருக்கான்னு கேட்டாரு. வெள்ளிக்கெழம பத்திரிகையப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறுவாராம். நம்ம பேப்பர் மேல அவ்வளவு நம்பிக்க."

அது எனக்கு இன்னும் கொழுப்பைக் கூட்டியது.

பள்ளிக்கூடம் விட்டு மாஸ்டர் வந்தார். முதல் பக்கப் புரூப் மேசையில் இருந்தது. எடுத்தார், படித்தார். முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. தன் கேப்டனுக்குக் கால் முறிந்த செய்தியைப் படித்துவிட்டுத் தாளை மெதுவாகத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"நிச்சயமோ பிள்ளை?"

"நிச்சயம் சேர். கட்டு போட்டிருக்கு. கண்ணால பாத்த ஆள் இருக்கு."

"கட்டைக் கண்ட ஆள். காலைக் கண்ட ஆளும் இருக்கோ?"

பேனாவை மூடி வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன். அவர் சொன்னது சரி என்பதால் வந்த ஆத்திரம் அல்ல, அதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்தச் செய்தி ஒரு மயிரிழை பிசகினாலும் இந்த மனிதர் ஆயுசுக்கும் எதிர் மேசையில் உட்கார்ந்து அந்தத் தலையைச் சாய்ப்பாரே, அதை நினைத்து வந்த ஆத்திரம். "பொழுது சாயுறதுக்குள்ள வந்துர்றேன், முதல் பக்கத்த நிறுத்தி வைங்க" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். மாஸ்டர் முகத்தில் கரி பூசுவதற்காக, அந்தக் காலை நானே பார்த்துவிட்டு வரப் போனேன்.

லயத்துக்கு நேர் வழியாகப் போனால் ஆயிரம் பேர் கேள்வி கேட்பார்கள். அதனால் மேல் மலைக் குறுக்குப் பாதையில் இறங்கினேன். மோகன்ராஜின் வீடு லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா. அதற்குப் பின்னால் மரக்கறித் தோட்டம், ஒரு கல்கட்டு. கட்டுக்கு மேலே தேயிலைக்குள் நான் வரும்போது டப், டப் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

மோகன்ராஜ் பந்தைக் கல்கட்டில் உதைத்துக்கொண்டிருந்தான். வலப்பனைக் கட்டு அவிழ்த்தபடி வாளி மேல் கிடந்தது. வலது கால், இடது கால், தலை, மறுபடி வலது கால். பந்து நிலத்தைத் தொடவே இல்லை. முறிந்த காலாம்! அவன் தங்கச்சி லயத்து மூலையில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவள் விசில் அடித்தாள். பந்து கோழிக்கூட்டுக்குள் போனது. அவன் அவசர அவசரமாக இலையையும் துணியையும் காலில் சுற்றி, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

வந்தவர் கணக்கப்பிள்ளை. தொழிலாளிகளின் வேலையும் பெயரும் அவர் கையில்தான்.

"காலு எப்பிடிடா?"

"இன்னும் குத்துதுங்கய்யா."

"மேச்சு வரைக்கும் வேற லேசான வேல குடுங்கன்னு வந்து கெஞ்சுன. கவ்வாத்துதான்னு சொன்னேன். மறுநாளே கால ஒடிச்சிக்கிட்டு வந்து நிக்கிற. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குடா. இது நடிப்புன்னு மட்டும் தெரிஞ்சது, ஒன் பேரையும் வெட்டி, ஒங்க அப்பன் பேரையும் வெட்டிருவேன். அப்புறம் காம்பராவ காலி பண்ணிட்டு எங்க போவீங்க?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்கய்யா. வெத மாத்தயாவே கனமா கட்டிவிட்டாரு பாருங்க."

மோட்டார் சைக்கிள் போகும்வரை நான் தேயிலைக்குள் குனிந்தே இருந்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. கவ்வாத்து மலை செங்குத்து. வெட்டிய செடிக் குச்சிகள் ஈட்டி மாதிரி நிற்கும், கத்தி ஒரு அங்குலம் தவறினால் முழங்கால் போகும். வாழ்க்கைக்கே ஒரு ஆட்டம் என்று இருக்கும்போது அவன் அந்த மலையில் ஏறப் பயந்திருக்கிறான். அதற்கு இந்த நாடகம். மலை முழுக்க நம்புகிற கட்டையே கொண்டுவந்து கட்டிவிட்டான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. வந்த வழியே ஏறிப் போய் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, உங்கள் வேலையில் இப்படி ஒரு பஸ் பயணம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். என் நிலைமையைப் பாருங்கள். 'கால் முறிவு' என்று போட்டால் அது பொய், ஏஜென்ட் கொழும்பிலேயே இருந்துவிடுவார். 'கால் முறியவில்லை, கட்டு நாடகம்' என்று போட்டால் அது சத்தியம். எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் கிடைக்காத செய்தி. மாஸ்டரின் பனியெல்லாம் அதற்குமுன் தூசு. ஆனால் தோட்டத்து ஒபிசில் எங்கள் பத்திரிகை வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை பெரட்டிலேயே இரண்டு பேர் பெயர் வெட்டுப்படும். ஒரு குடும்பம் பாயோடு பாதைக்கு வரும்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான், ஒன்றும் போடாமல் விடுவது. அப்படி விட்டால் என்ன நடக்கும்? மோகன்ராஜ் ஆடுவான், கோல் போடுவான். அவனைக் கேப்டன் ஆக்கச் சொன்ன மாஸ்டர் ஜெயிப்பார். காரணமே சொல்லாமல் அவனை விட்ட என் பதினொருவர் உள்பக்கத்தில் ஏற்கனவே அச்சாகிவிட்டார்கள். நான் ஊர் முன்னால் பைத்தியக்காரி. இல்லை, அந்தப் பெருமைகூட எனக்கில்லை. பத்தாம் நம்பர் என்ற பைத்தியக்காரன்.

அந்த ஜன்னலோரத்தில் நான் அழுதேன். மோகன்ராஜுக்காக அல்ல. மாஸ்டர் ஜெயிக்கப் போகிறாரே என்று அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னாம்மா, சாவு வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அலுவலகத்தில் ஆசிரியர் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, உறுதிதானே? மெஷின் காத்துக்கிட்டு இருக்கு."

"இல்ல சேர். உறுதியில்ல. பெட்டிய எடுத்துருங்க."

"அப்ப கால் நல்லா இருக்கா? அதைப் போடுவோம். கட்டு எதுக்கு?"

"அதுவும் தெரியல சேர். ஒண்ணும் போட வேணாம்."

"அப்போ உள்பக்கத்துல அவன ஏன் விட்ட?"

"அது... என் கணிப்பு சேர்."

"ஒன் கணிப்பா!" ஆசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்லா கணிச்ச போ."

எதிர் மேசையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். பார்த்துவிட்டேன். மாஸ்டர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. காலியான பெட்டியில், 'ஞாயிறு மழை பெய்யலாம், ரசிகர்கள் குடையுடன் வரவும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு மழை பெய்யவும் இல்லை. வெயில் கொளுத்தியது. பெண்களோடு மேட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அணி மைதானத்துக்குள் ஓடிவந்தபோது அக்கா என் தொடையில் ஒரு அடி வைத்தாள். "அடிப்பாவி, மோகன்ராசு ஓடுறான்டி!" ஓடினானா, பறந்தான். இரண்டு கோல். இரண்டாவதில் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய், கோல்கீப்பர் விழுகிறவரை பொறுத்திருந்து, மெதுவாக உருட்டிவிட்டான். நான் எழுந்து குதித்து, தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்து உட்கார்ந்து பார்த்தால், கீழே ஆட்கள் வரிசையில் நின்று மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கோல் போட்டது அவர்தான் என்பது மாதிரி.

கப் தோட்டத்து மேனேஜர் துரையின் கைக்குப் போனது. துரை மோகன்ராஜுக்கு மாலை போட்டார். அதன் பிறகு கணக்கப்பிள்ளை கட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் பத்திரிகையைப் பார்த்து வண்டி ஏறியிருந்த ஏஜென்ட் மைதானத்திலேயே மோகன்ராஜின் அப்பாவோடு பேசினார். மோகன்ராஜ் மாலைதீவுக்குப் போனான்.

திங்கட்கிழமை நானா ஹோட்டலுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? "பாத்தீங்களா மகள், மாஸ்டர்ட மூளைய!" என்று நானா எனக்கு பிளேன்டீயை வைத்தார். "பத்தாம் நம்பருக்கு என்னமோ பிடிச்சிருச்சி. மோகன்ராஜ விட்டுட்டு டீம் போடுறவன் புட்போல் எழுதுறதா? மரக்கறி வெல எழுதச் சொல்லுங்க." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீக்குக் காசை வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு லீவுக்கு மோகன்ராஜ் வந்தான். நல்ல சட்டை, கையில் கடிகாரம், ஆள் கறுத்துப் பளபளவென்று இருந்தான். எங்கள் அலுவலகத்துக்குத்தான் முதலில் வந்தான். கூடவே தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் சந்தோஷமாக வந்திருந்தார். மோகன்ராஜ் நேரே மாஸ்டர் மேசைக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"சேர், அன்னைக்கு நோர்வூட்ல அத்தன பேரும் எனக்குக் காலு போச்சுன்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தருதான் என்னைய நம்பி கேப்டன் போட்டீங்க. பேப்பர்லயும் காயம்னு ஒரு வார்த்த வரல. அந்த ஏஜென்ட் சொன்னாரு, அதுனாலதான் வந்தேன்னு. ஒங்களாலதான் சேர்."

பையிலிருந்து கிளப் சட்டையை எடுத்து விரித்து மாஸ்டர் கையில் கொடுத்தான். அவன் அங்கே ஆடிய சட்டை. முதுகில் பத்தாம் நம்பர்.

என் நாக்கு மேலண்ணத்தில் முட்டியது. ஒரு வார்த்தை போதும். 'கல்கட்டுக்கு மேலே நான் நின்றேனடா' என்ற ஒரே வார்த்தை. ஆனால் கணக்கப்பிள்ளை அங்கே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மோகன்ராஜின் அப்பா இன்னும் அவருடைய பெரட்டில்தான் பெயர் கொடுக்கிறார். தங்கச்சியும் அப்போது கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மோகன்ராஜ் போகும்போது என் மேசையில் ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு வைத்தான். "நீங்க இப்ப இங்க டைப் அடிக்கிறீங்களாக்கா? சம்பல் இடிச்சிச் சாப்பிடுங்க."

ஆசிரியர் கேமராவை எடுத்து, மாஸ்டரையும் மோகன்ராஜையும் சட்டையோடு நிற்கவைத்துப் படம் பிடித்தார். எல்லாரும் போன பிறகு மாஸ்டர் அந்தச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அண்டைக்கு நோர்வூட்டில என்னத்தைக் கண்டனீர் பிள்ளை?"

"ஒண்ணும் பாக்கல சேர்."

"நிச்சயமோ?"

"நிச்சயம் சேர்."

அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். சட்டையைத் திருப்பித் தரவும் இல்லை. தந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். இல்லை, பொய். பறித்திருப்பேன்.

இன்று இதைச் சொல்லலாம். மோகன்ராஜ் குடும்பத்தில் இப்போது யாருக்கும் தோட்டத்தில் பெயர் இல்லை, எல்லாரும் டவுனில் இருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் போட்ட செய்திக்கு ஆயிரம் பேர் கை தட்டுவார்கள். போடாமல் விட்ட செய்திக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், நீங்களும் போய்ச் சொல்ல முடியாது. இன்னொன்று, பக்கத்து மேசையில் சிநேகிதரை உட்காரவைத்துக்கொள்ளாதீர்கள். சிநேகிதர் கேட்டால் 'நிச்சயம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்கு வயிறு எரிகிற ஒரு ஆளை உட்காரவையுங்கள். அந்த ஆள் கேட்டால்தான் பஸ் ஏறுவீர்கள். என்னை நோர்வூட்டுக்கு அனுப்பியது தர்மமும் இல்லை, நியாயமும் இல்லை, மாஸ்டர் மேல் இருந்த பொறாமைதான்.

படத்துக்கு அடியில் போட ஆசிரியர் என்னிடம்தான் வாசகம் கேட்டார். உட்கார்ந்து எழுதினேன். 'தன்னை நம்பிய மாஸ்டருக்குப் பத்தாம் நம்பர் சட்டையைப் பரிசளிக்கிறார் மோகன்ராஜ்.' ஆசிரியர் படித்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது சேர், அச்சுக்குக் கொடுங்கள் என்றேன்.